வீடு போயிடுச்சு

போனில் பெயரைக் கேட்டதும்
அந்த அம்மாவின் குரல் இளகியது.
"வீரசாமியா? நம்ம பேரு. கூட்டிட்டு வா எத்திராஜு."
அதற்கு முன்னால் ஒனீகா என்று ஒன்று இருந்ததை
நான் விழுங்கிவிட்டேன்.
ஒரு மாத வாடகை என் கமிஷன்.

ஈஞ்சம்பாக்கம், மூன்றாவது குறுக்குத் தெரு.
கிரில் கதவுக்குப் பின்னிருந்து
முதலில் அவள் தலையைப் பார்த்தாள்,
நாற்று நட்டதுபோல் வரிவரியாய்ப் பின்னிய முடி.
பிறகு தோலை.
பிறகு என்னை.
சாவி அவள் கையிலேயே இருந்தது.
"வீடு போயிடுச்சுன்னு சொல்லிடு."

நீலாங்கரையில் மாடிக்கு ஏறவே இல்லை.
அக்கரையில் நாயை அவிழ்த்துவிட்டுக் கட்டினார்கள்.
நான் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன்
"ஹவுஸ் கான்" என்றாள் அவளே.

கப்பல் இன்ஜின் படிக்க வந்தவள்.
ஊர் கயானா, பெர்பீஸ் ஆற்றங்கரை.
அது ஆப்பிரிக்காவில் எங்கே என்று கேட்டேன்.
"ஆப்பிரிக்காவை விட்டு எங்களைக் கிளப்பி
முந்நூறு வருஷம் ஆகிறது" என்றாள்,
பஸ்ஸைத் தவறவிட்டவள்போல.

பாலவாக்கம் சிக்னலில் டீ.
எனக்குக் கண்ணாடி கிளாஸ்.
அவளுக்குக் கேட்காமலே பேப்பர் கப்.
கவனித்தேன்.
கவனிக்காததுபோல் ஊதிக் குடித்தேன்.

சட்டைக் கையை மடித்தபோது முழங்கையில் ஆறு தையல்.
போன மாதம், சோழிங்கநல்லூர்,
பைக்கில் மூன்று பையன்கள், ஒரு பீர் பாட்டில், ஒரு வார்த்தை.
"என்ன வார்த்தை?"
சுத்தமான உச்சரிப்பில் சொன்னாள்.
அதுவும் 'தண்ணி கேனு'ம்தான்
அவள் முதலில் கற்ற தமிழ்.

பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள்,
நகலின் நகல்.
மதராஸ் துறைமுகம். கூலி எண்.
பெயர் வீரசாமி. தகப்பன் பெயர், வயது, உயரம்.
உடலில் அடையாளம்: நெற்றியில் தழும்பு.
"இப்போது எனக்கும் ஒன்று" என்று முழங்கையைத் தட்டினாள்.

"இவருக்காவது அப்பா பெயர் இருக்கிறது.
இவர் போய் இறங்கிய கரும்புக் காட்டில்
இவருக்கு முன்னால் வெட்டியவர்கள் என் மற்ற எல்லோரும்.
தோட்டத்துக் கணக்கில் இருக்கிறார்கள்,
கோவேறு கழுதைகளுக்குக் கீழே,
செம்புக் கொப்பரைகளுக்கு மேலே:
பெண், ஒன்று.
குழந்தையோடு பெண், ஒன்று.
ஓடிப் பிடிபட்டவன், காது இல்லை, பாதி விலை."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை.
என் கிளாஸில் டீ ஆடை கட்டியிருந்தது.

"சாவு வீட்டில் எங்கள் ஊரில்
இரண்டு கூட்டத்து மேளமும் ஒன்றாக அடிக்கும்.
ஒன்றின் பெயர் தாப்பு."
பெஞ்சின் விளிம்பில் விரலால் அடித்துக் காட்டினாள்.
என் அப்பா கைவிட்ட அடி.
கூவத்தங்கரைக் குடிசையை இடித்து
எங்களைப் பெரும்பாக்கத்தில் கொட்டிய அன்று
நெருப்பில் காய்ச்சாமல் விட்டுவந்த தோல்.
என் கட்டைவிரல் தானாக
அடுத்த அடியைப் போட்டது.
மடக்கிக்கொண்டேன்.

"இது மட்டும் புரியவில்லை" என்று
காகிதத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.
சாதி.
சுருட்டை எழுத்தில், ஆறே எழுத்து.
"என்ன அர்த்தம்?"

டீ மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.
இருபது வருஷமாக வீட்டுக்காரர்களுக்காக
நான் மற்றவர்களிடம் கேட்டுவந்த கேள்வி,
எனக்குள் கேட்காமல் விட்ட கேள்வி.

"வீடு போயிடுச்சு" என்றேன்.
"அதுதான் அர்த்தம்."

சிரித்தாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அப்போது பனையூர்க்காரர் போன்.
"பேரு வீரசாமின்னியே, என்ன ஆளுங்க?"

பேப்பர் கப்பை அவள் சின்னச் சின்னதாகக்
கிழித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆளுங்க சார்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.
இரண்டாவது விசிலும் அடித்தது.
அவர் இன்னும் வைக்கவில்லை.
நானும்.